வெறும் நகல் வேலையா?

நாக்பூர் வெயிலில் ஞாயிறு மதியம் வெளியே தலைகாட்ட முடியாது. அதனால் பெண்ணோடு உட்கார்ந்து பழைய டிஸ்னி படங்களாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு அனிமேஷனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். அதன் வரலாற்றில் முக்கால்வாசி செலவுக் கணக்குதான். அந்தப் பாஷை நமக்குப் புரியும்.

1914-ல் வின்சர் மெக்கே 'கெர்ட்டி' என்ற டைனோசரைத் திரையில் நடக்கவிட்டார். ஆயிரக்கணக்கான தாள்கள். டைனோசர் அசைகிறது, சரி. பின்னால் சும்மா கிடக்கிற பாறையையும் ஒவ்வொரு தாளிலும் மறுபடி வரைய வேண்டும். அதற்கென்றே ஓர் உதவியாளர்! அதே காலகட்டத்தில் எர்ல் ஹர்ட் செல்லுலாய்ட் தாளைக் கொண்டுவந்தார். கண்ணாடி போன்ற தாள். பின்னணியை ஒரு தடவை வரைந்து வைத்துக்கொண்டு, அசைகிற உருவத்தை மட்டும் 'செல்'லில் வரைந்து மேலே வைத்தால் போதும்.

ஆனால் பென்சில் படம் தானாக செல்லுக்குப் போகாது. முன்பக்கம் மையால் கோடு, பின்பக்கம் வண்ணம். டிஸ்னியில் இதைச் செய்தவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள். 1938-ல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு, படைப்பு வேலையெல்லாம் ஆண்களுக்குத்தான் என்று அந்த ஸ்டுடியோ பதில் எழுதியது.

1937-ல் வந்த 'ஸ்னோ ஒயிட்'டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கோடுகள் எல்லாம் கறுப்பு இல்லை. பக்கத்து வண்ணத்துக்குப் பொருந்துகிற வண்ண மை. பேனாவின் அழுத்தத்தில் கோடு தடித்து மெலிகிறது. ஸ்னோ ஒயிட்டின் கன்னச் சிவப்பு செல் செல்லாகச் சாயம் தொட்டு வைத்தது. சாதாரண பெயிண்ட் என்றால் விளிம்பு தெரிந்து திட்டாக நிற்கும். சுமார் 15 லட்சம் டாலர் செலவான படம். கடன் கொடுத்த பேங்க் ஆஃப் அமெரிக்கா சரித்திரத்தில் ஏறிவிட்டது (நம் இனத்துக்குப் பெருமைதான்). மை தொட்ட பெண்களின் பெயர் டைட்டில் கார்டில்கூட இல்லை.

1959-ல் 'ஸ்லீப்பிங் பியூட்டி' சுமார் 60 லட்சம் டாலரை விழுங்கிவிட்டு முதல் வெளியீட்டில் நஷ்டம். அடுத்து 1961-ல் 101 நாய்கள், அதுவும் உடம்பெல்லாம் புள்ளி! கையால் மை போட்டுக் கட்டுப்படியாகுமா? அப் ஐவெர்க்ஸ் ஜெராக்ஸ் முறையை மாற்றியமைத்து, பென்சில் படத்தை நேராக செல்லில் இறக்கினார். செலவு வெகுவாகக் குறைந்தது. தங்கள் கோடு அப்படியே திரையில் வருகிறதென்று அனிமேட்டர்களுக்குக் குஷி. சொரசொரவென்ற கறுப்புக் கோடு வால்ட் டிஸ்னிக்கே பிடிக்கவில்லை. மை போட்டவர்களில் பலருக்கு வேலை போனது.

ஜெராக்ஸ் தப்பா? இல்லவே இல்லை. அந்த பிரபோசல் என் மேஜைக்கு வந்திருந்தால் அன்றைக்கே சாங்ஷன் செய்திருப்பேன். என் சண்டையெல்லாம், போனது 'வெறும் நகல் வேலை' என்று எழுதுகிறார்களே, அதோடுதான். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நகல்தான் என்றால் மெஷின் வந்த பிறகும் அதே கோடு அல்லவா வந்திருக்க வேண்டும்?

வங்கியில் கோர் பேங்கிங் வந்தபோதும் லெட்ஜர் எழுதுவது நகல் வேலை என்றுதான் சொன்னோம். எங்கள் கிளையில் ஒரு தலைமை கிளார்க், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே "இந்தப் பார்ட்டி ஆறு மாசத்துல படுத்துரும் சார்" என்பார். படுத்துவிடும். அவருக்குப் பதில் வந்த ரிப்போர்ட், படுத்த பிறகுதான் சொல்கிறது.

வண்ணம் பூசுகிற வேலை மட்டும் 1989-ல் வந்த 'லிட்டில் மெர்மெய்ட்' வரை கையிலேயே இருந்தது. அடுத்த வருடமே 'ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்' முழுக்கக் கம்ப்யூட்டரில் வண்ணமேறி வந்தது. இப்போது இடைப்பட்ட படங்களை ஏஐ போட்டுவிடும் என்கிறார்கள். 'வெறும் நகல்தானே' என்ற அதே வார்த்தை மறுபடி காதில் விழுகிறது.

மிண்டி ஜான்சன் அந்தப் பெண்களைத் தேடிப் பிடித்து 2017-ல் பெரிய புத்தகமே போட்டுவிட்டார். பெயர் கிடைக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. பழைய படத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கி மறுபடி மறுபடி விற்கிறார்கள். அதன் கடைசியில் இந்தப் பெயர்களோடு ஒரு நிமிடம் சேர்த்தால் என்ன செலவாகிவிடும்? கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஆகாது.