குழந்தைக்கு வழி செய்த பிறகே விவாகரத்து

இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின் கீழ் கணவனும் மனைவியும் மனமொத்து விவாகரத்து கேட்டால், நீதிமன்றம் சில விவரங்களை உறுதிசெய்துகொள்கிறது. ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்கிறார்களா, இனிச் சேர்ந்து வாழ இயலாதா, சம்மதம் வற்புறுத்தலின்றித் தரப்பட்டதா என்பவை அவை. பிள்ளைகள் யாரிடம் வளர்வார்கள், பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்ற கேள்விகளை அந்தப் பிரிவு எழுப்புவதில்லை. அவற்றுக்கென உள்ள 26-ஆவது பிரிவோ, உத்தரவிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தருகிறதே தவிர, உத்தரவிட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. 18 வயது நிறையாத பிள்ளைகள் இருக்கும்போது, அவர்களுக்கான ஏற்பாடு தீர்ப்பாணையிலேயே எழுதப்படாமல் விவாகரத்து வழங்கக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட வேண்டும்.

இது நம் சட்டத்துக்குப் புதிய சிந்தனையும் அல்ல. மனமொத்த விவாகரத்துக்கான ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் கூறிய உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சமும் குழந்தையின் பொறுப்பும் உண்மையாகவே பேசி முடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் அதற்கு ஒரு நிபந்தனையாக்கியது. அவசரமாகப் பிரிய விரும்புவோருக்குப் பொருந்தும் நிபந்தனை, மற்றவர்களுக்கு ஏன் பொருந்தக் கூடாது? மீட்க முடியாதபடி முறிந்த மணத்தை விவாகரத்துக்குக் காரணமாக்க முயன்ற 2010-ஆம் ஆண்டு மசோதாவும், பெற்றோரின் வசதிக்கேற்பப் பிள்ளைகளின் பராமரிப்புக்கு வழி செய்யாமல் அந்தக் காரணத்தின் பேரில் தீர்ப்பாணை கூடாது என்றது. 2013-இல் மாநிலங்களவையில் நிறைவேறிய அது, மறு ஆண்டு மக்களவை கலைந்ததும் காலாவதியாயிற்று. ஆஸ்திரேலியாவில், பிள்ளைகளுக்குத் தக்க ஏற்பாடு இருப்பதாக நீதிமன்றம் திருப்தியடைந்தால்தான் பொதுவாக விவாகரத்து நடைமுறைக்கு வரும்.

இதனால் விவாகரத்து தாமதமாகும், அடி உதைக்கு அஞ்சி வெளியேறிய பெண் மேலும் சிக்கிக்கொள்வாள் என்ற அச்சம் நியாயமானது. கணவன் ஒத்துழைக்க மறுத்தே வழக்கை இழுத்தடிக்கலாம். ஆகவே, பெற்றோர் உடன்படாதபோது நீதிபதியே குறித்த காலத்துக்குள் ஏற்பாட்டை வகுக்க வேண்டும். ஒருவரின் பிடிவாதம் தீர்ப்பைத் தடுக்கக் கூடாது. பிள்ளைகளின் பராமரிப்பு, கல்வி குறித்த இடைக்கால மனுவைக் கூடியவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 2001 திருத்தமே சொல்லியிருக்கிறது. பெற்றோரின் முடிவில் நீதிமன்றம் தலையிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது கணவனும் மனைவியும் மட்டுமே. வழக்கை விரைவாக முடிக்க ஒரு தாய் பராமரிப்புத் தொகையை விட்டுக்கொடுத்தால், அவள் இழப்பது தன் பணத்தை அல்ல, பிள்ளையின் உரிமையை. அந்த மேசையில் பிள்ளைக்காகப் பேச நீதிபதியைத் தவிர வேறு யாருமில்லை.

ஏட்டில் எழுதினால் மட்டும் நடந்துவிடுமா என்ற ஐயத்துக்கும் பதில் உண்டு. குழந்தையை அவ்வப்போது பார்க்கலாம் என்ற மழுப்பலான வரியை எந்த நீதிமன்றத்தாலும் நிறைவேற்றித் தர முடியாது. எந்த நாட்கள், விடுமுறையில் எத்தனை வாரம், மருத்துவச் செலவில் யாருக்கு எவ்வளவு, ஆண்டுதோறும் தொகை எப்படி உயரும், ஊர் மாறினால் என்ன செய்வது என்று தெளிவாக எழுதினால் மீறலை நிரூபிக்கலாம், நிறைவேற்றக் கோரலாம். சூழல் மாறும்போது உத்தரவை மாற்றிக்கொள்ளவும் 26-ஆவது பிரிவு இடமளிக்கிறது. நாடாளுமன்றம் திருத்தும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. குடும்பநல நீதிமன்றங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றங்களுக்கு இருக்கிறது. பிள்ளைகளுக்கான ஏற்பாட்டை விவரிக்கும் படிவத்தை ஒவ்வொரு விவாகரத்து மனுவோடும் இணைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் விதி செய்தால், மற்ற மாநிலங்களுக்கும் அது வழிகாட்டும்.