ஓசிக் காலண்டரும் ஆறடி இடமும்

உழைப்பாளி மக்களின் வீட்டில் வேறு எது இல்லாவிட்டாலும் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். மளிகைக் கடைக்காரர் கொடுத்திருப்பார், உரக்கடைக்காரர் கொடுத்திருப்பார், வட்டிக்கடைக்காரர்கூடக் கொடுத்திருப்பார். "ஓசிக் காலண்டர்" என்று அதற்கு நாம் பெயர் வைத்திருக்கிறோம்.

ஓசியில் எந்தப் பொருளும் பிறப்பதில்லை, தோழர்களே! சிவகாசியில் ஒரு தொழிலாளி இரவு கண்விழித்து அதை அச்சடித்தார். ஒரு பெண் தாள்களை எண்ணி அடுக்கினார். இன்னொருவர் தகரம் அடித்து அட்டையில் பொருத்தினார். கம்பெனி பெயர் போட்ட பனியனின் கதையும் இதுதான். கூட்டத்தில், மாரத்தான் ஓட்டத்தில், கடை திறப்பு விழாவில் சும்மா கொடுக்கிறார்களே, அந்தப் பனியனைத் திருப்பூரில் ஒரு டைலர் ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்து தைத்தார்.

இந்த விளம்பரச் சரக்குத் தொழிலைக் கொரோனா கொள்ளைநோய் என்ன செய்தது? மூடிய ஆலைகளை எப்படித் திறந்தார்கள்? இதை இன்று ஏன் பேசவேண்டும் என்று சிலர் கேட்கலாம். 2023 மே மாதத்திலேயே உலக சுகாதார ஸ்தாபனம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டதே என்பார்கள். நோயின் அவசரநிலைதான் முடிந்தது. அந்த நாட்களில் தொழிலாளியிடமிருந்து எதையெதைப் பறிக்கலாம் என்று முதலாளிமார் கற்றுக்கொண்ட பாடம் முடியவில்லை. அவர்கள் மறக்காததை நாம் மறக்கலாமா?

முதல் வெட்டு யார் தலையில்?

வியாபாரம் படுத்தால் முதலாளி முதலில் நிறுத்தும் செலவு விளம்பரச் செலவு. அரிசியை நிறுத்த முடியாது, மருந்தை நிறுத்த முடியாது. பேனாவையும் தொப்பியையும் காலண்டரையும் நிறுத்தலாம். ஆகவே கொள்ளைநோயின் அடி இந்தத் தொழிலில் சீக்கிரம் விழுந்தது.

2020 தொடக்கத்தில் சீனாவில் ஆலைகள் மூடப்பட்டன. ஈவூ நகரச் சந்தையிலிருந்து உலகெங்கும் போகும் சாவிக்கொத்து, பேனா, பிளாஸ்டிக் பரிசுச் சாமான்கள் வரத்து தடைப்பட்டது. பிறகு நோய் இங்கே வந்தது. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் மோடி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசினார். நள்ளிரவு முதல் நாடே 21 நாள் அடைப்பு என்றார். உழைப்பாளி மக்களுக்குக் கிடைத்த அவகாசம் நான்கு மணி நேரம்! திருவிழா இல்லை, மாநாடு இல்லை, விளையாட்டுப் போட்டி இல்லை. விழா இல்லாத நாட்டில் விழாப் பனியனுக்கு என்ன வேலை?

இந்தச் சரக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு கம்பெனியின் பெயர் அச்சிட்ட பனியனை வேறொருவருக்கு விற்க முடியாது. 2021ஆம் ஆண்டுக் காலண்டரை 2022இல் எடைக்குத்தான் போடலாம். ஆர்டரை ரத்து செய்தவனுக்கு ஒரு கடிதத்தோடு வேலை முடிந்தது. தைத்துக் கிடக்கும் சரக்கின் நஷ்டம் ஏற்றுமதிக்காரரிடமிருந்து ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு இறங்கியது, அங்கிருந்து கான்ட்ராக்டருக்கு, கடைசியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டைலர் தலையில் வந்து விழுந்தது. அவருக்குக் கீழே தள்ளிவிட ஆளில்லை.

சிவகாசியில் ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது வழக்கம். அன்று தொடங்கி மார்கழி வரை ஓடும் வேலையில்தான் பல குடும்பங்கள் ஆண்டுக் கடனை அடைக்கின்றன. 2020 ஆடியில் ஆர்டர் சுருங்கியது. சர்க்காராவது கைகொடுத்ததா? 2020 செப்டம்பர் 2இல் மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை ஓர் உத்தரவு போட்டது. மந்திரி இலாகாக்களும் பொதுத்துறை ஸ்தாபனங்களும் அரசு வங்கிகளும் இனிக் காலண்டர், டைரி அச்சிடக் கூடாது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் வழியாகச் செய்ய வேண்டும் என்பது உத்தரவு. சிக்கனமாம்! தவித்துக்கொண்டிருந்த தொழிலிலிருந்து சர்க்கார் தன் ஆர்டரையும் உருவிக்கொண்டது. அந்த ஆர்டரை நம்பி உலை வைத்தவர்களுக்கு மாற்று வேலை பற்றி அதில் ஒரு வரி உண்டா?

கூலியைப் பற்றியும் ஓர் உத்தரவு வந்தது உண்மை. அடைப்புக் காலத்துக்குச் சம்பளத்தைப் பிடித்தமின்றிக் கொடுக்க வேண்டும் என்று 2020 மார்ச் 29இல் மத்திய சர்க்கார் சொன்னது. மே 18 முதல் அதை அதே சர்க்கார் கைவிட்டது. முதலாளிமார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்கள் மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஜூன் 12இல் கோர்ட் சொன்னது. பசித்த வயிறும் நிறைந்த பெட்டியும் சமமாக உட்கார்ந்து பேசுமாம்!

வயலுக்கும் வந்தது அடி

விவசாயத் தொழிலாளத் தோழர்களே, இது ஆலைக்காரர்கள் பாடு என்று இருந்துவிட முடியாது. பனியன் கம்பெனி மூடியதும் பையனும் பெண்ணும் பெட்டியோடு ஊருக்குத் திரும்பினார்கள். ஒரு வயலுக்கு இரண்டு மடங்கு கைகள் வந்து நின்றால் பண்ணையார் கூலியை உயர்த்துவாரா, குறைப்பாரா? நூறு நாள் வேலைக்கு 2020-21இல் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாள்கூலி 256 ரூபாய். அந்த வேலையைத் தேடியும் கூட்டம் பெருகியது. ஆலையில் கூலி போனால் வயலிலும் கூலி சரிகிறது. இரண்டும் ஒரே அடுப்பின் இரண்டு கற்கள்.

திறந்தார்கள், எப்படித் திறந்தார்கள்?

ஆலைகளைத் திறக்க விதிகள் வந்தன. 2020 ஏப்ரல் 15இல் மத்திய உள்துறை வெளியிட்ட விதிகள் நல்ல விதிகள்தாம். வாசலில் காய்ச்சல் சோதனை, கை கழுவ வசதி, ஆறடி இடைவெளி, ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம், சாப்பாட்டு நேரத்தைப் பிரித்துவிடுதல், வண்டியில் பாதிக்கும் குறைவான ஆட்கள், தொழிலாளிக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் - எல்லாம் அதில் இருந்தன. மே 7இல் விசாகப்பட்டினத்தில், அடைப்புக்குப் பின் திறக்கவிருந்த ஒரு ரசாயன ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து உறங்கிக்கொண்டிருந்த மக்களைக் கொன்றது. அதன் பிறகு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் ஒரு விதி சொன்னது: திறந்த முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாகக் கொள்ளுங்கள், உற்பத்தி இலக்கைத் துரத்தாதீர்கள்.

வாசலில் வெப்பமானி வந்தது. ஆனால் உள்ளே?

பனியன் கம்பெனியில் பவர் டேபிள் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓவர்லாக் அடித்த துணி அடுத்த மெஷினுக்குப் போகும். அங்கிருந்து செக்கிங், அயர்னிங், பேக்கிங். கைக்குக் கை மாறும் வேலை. ஆறடி விட்டு உட்கார வேண்டுமென்றால் ஒரு மெஷின் விட்டு ஒரு மெஷினை நிறுத்த வேண்டும். உற்பத்தி குறையும். அந்தக் குறைவை யார் ஏற்பது? பீஸ் ரேட்டை உயர்த்தினால் நிர்வாகம் ஏற்கிறது. உயர்த்தாவிட்டால் தொழிலாளி ஏற்கிறார். விதியில் ஆறடி என்று எழுதியவர்கள் ரேட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அங்கேதான் விதி காகிதமாயிற்று.

காய்ச்சல் சோதனையும் அப்படித்தான். காய்ச்சல் என்றால் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பிய நாளுக்குக் கூலி உண்டா? ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கு நோய்க்காலப் பணம் சம்பளத்தில் 70 சதம். அதுவும் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு ஒன்றுமில்லை. வீட்டு வாடகை பாக்கி நிற்கும்போது ஒரு மாத்திரையைப் போட்டுக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவது தொழிலாளியின் அறியாமையா? இல்லை, வயிற்றின் கட்டளை! நோயாளியைக் கண்டுபிடிப்பது வெப்பமானியல்ல, சம்பளத்தோடு கூடிய லீவு. அது இருந்தால் தொழிலாளி தானே வந்து சொல்வார்.

வேடிக்கை ஒன்றும் நடந்தது. பேனாவும் தொப்பியும் போய், கம்பெனி பெயர் அச்சிட்ட முகக்கவசமும் கை கழுவும் திரவப் புட்டியும் புதிய விளம்பரச் சரக்காயின. திருப்பூரும் முகக்கவசம் தைத்தது. அவசர ஆர்டர், இன்றே வேண்டும், நாளையே வேண்டும்! ஊரார் மூச்சைக் காக்கும் துணியைத் தைத்தவர்களுக்கு மூச்சுவிட எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்று கேட்டவர் எத்தனை பேர்?

ஆறடி நம் சொத்து

இங்கே ஒரு கணக்கை நம் தோழர்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஆறடி இடைவெளி என்பது கொரோனா வந்ததால் சர்க்கார் போட்ட சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். அல்ல! 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 16ஆவது ஷரத்து நெரிசலைப் பற்றியது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு கட்டிய ஆலையில் ஒரு தொழிலாளிக்கு 500 கன அடி இடம் வேண்டும் என்றது. கூரை எவ்வளவு உயரமானாலும் 14 அடிக்கு மேல் கணக்கில் சேராது என்றது. பின்னாளில் இதையே 14.2 கன மீட்டர் என்று மாற்றி எழுதினார்கள். 500ஐ 14ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 36 சதுர அடி. ஆறடிக்கு ஆறடி!

கொரோனாவுக்கு 72 ஆண்டுகளுக்கு முன்பே ஆறடி இடம் நமக்குரியதாக இருந்தது. காற்றோட்டம் 13ஆவது ஷரத்தில் இருந்தது, கை கழுவும் வசதி 42இல் இருந்தது. அவற்றை ஒழுங்காக அமல் நடத்தியிருந்தால், காற்றில் பரவும் அந்த நோய்க்கு முன்னால் நம் ஆலைகள் பாதித் தயாராக இருந்திருக்கும். சட்டத்தில் இருந்தது, ஷெட்டில் இல்லை. காலண்டரைப்போலத்தான் இதுவும்: உழைத்துப் பெற்றதை ஓசியில் வந்ததாக நம்ப வைக்கிறார்கள்.

நோயைக் காட்டி நேரத்தைத் திருடினார்கள்

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். சம்பளத்தை வாரக்கணக்கில் பிடித்துவைத்துப் பழகிய பஞ்சாலை முதலாளிகள், ஆள் கிடைக்காமல் அன்றன்றே கூலி கொடுக்க நேர்ந்தது. கை இல்லாமல் மெஷின் ஓடாது என்பது அன்று அவர்களுக்குப் புரிந்தது. 2020இல் அவர்கள் வாரிசுகள் வேறு வழி கண்டார்கள். ஆள் குறைவா? இருப்பவனைப் பன்னிரண்டு மணி நேரம் வாங்கு!

குஜராத் சர்க்கார் 2020 ஏப்ரல் 17இல் அப்படியே உத்தரவு போட்டது: நாளைக்குப் பன்னிரண்டு மணி, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி கிடையாது. தொழிற்சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. அக்டோபர் 1இல் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்தது. செய்த வேலைக்கு மிகைநேரக் கூலியைக் கொடுக்கச் சொன்னது. தமிழ்நாட்டிலும் 2023 ஏப்ரல் 21இல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியது, மே தினத்தன்று அது வாபஸ் ஆனதாக அறிவிப்பு வந்தது. நின்று எதிர்த்த இடத்தில் வெற்றி கிடைத்தது. இதுவும் பாடம்தான்.

ஆனால் அதே கொள்ளைநோய்க் காலத்தில், 2020 செப்டம்பரில் பார்லிமெண்டில் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்துவிட்டது. முன்பு மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் இருந்தால் அது தொழிற்சாலை. இப்போது 20 பேர் வேண்டும். மின்சாரம் இல்லாவிட்டால் 20க்குப் பதில் 40. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் பைண்டிங் கூடங்களும் ஜாப் ஒர்க் ஷெட்டுகளும் தொழிற்சாலை என்ற இலக்கணத்துக்கே வெளியே போகின்றன. நெரிசல் அதிகமான இடம் எதுவோ அதையே கண்காணிப்பிலிருந்து தளர்த்துகிறார்கள்!

நாம் கேட்பது

இன்னொரு கொள்ளைநோய் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வரும்போது ஆலையை மூடவும் வேண்டியிருக்கும், திறக்கவும் வேண்டியிருக்கும். திறக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. உலை கொதிக்க ஆலை ஓட வேண்டும். உயிரோடு ஓட வேண்டும் என்கிறோம். ஆகவே நாம் கோருவது:

காய்ச்சலென்று வீட்டுக்கு அனுப்பினால் முதல் நாளிலிருந்து முழுக் கூலி. இடைவெளி விட்டு உட்காருவதால் உற்பத்தி குறைந்தால் அதற்கேற்பப் பீஸ் ரேட் உயர்வு. ஆர்டர் கொடுப்பவர் ரத்து செய்தால், தைத்த சரக்குக்கும் அச்சடித்த சரக்குக்கும் கூலிப் பங்கு தொழிலாளிக்கு வந்து சேரும்படி ஒப்பந்தத்திலேயே ஷரத்து. திறந்த முதல் வாரம் மிகைநேர வேலை கூடாது. பத்துப் பேர் வேலை செய்யும் ஷெட்டானாலும் ஜன்னல், இடம், தண்ணீர் இவற்றைப் பார்க்கத் தொழிலாளர் தேர்ந்தெடுத்த கமிட்டி. அதில் பெண்களும், பீஹாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உழைக்கும் சகோதரர்களும் இருக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் ஆகாயத்துக் கனியல்ல. ஒரு பனியனில் கம்பெனிப் பெயரை அச்சிட நேரம் இருப்பவர்களுக்கு, அதைத் தைப்பவர் பக்கத்தில் ஒரு ஜன்னலைத் திறந்துவைக்க நேரம் இல்லையா?

நாளைக் காலை காலண்டரில் தாளைக் கிழிக்கும்போது அதை அடுக்கிய கையை ஒரு நிமிடம் நினையுங்கள். பிறகு வேலைக்குப் போனதும் ஓர் அளவுகோலை எடுத்து உங்கள் மெஷினுக்கும் பக்கத்து மெஷினுக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஆறடி இருக்கிறதா? இல்லையென்றால் அதை அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். கேட்காமல் கிடைத்த உரிமை ஒன்றும் கிடையாது.