மத்திக்கு ஓர் அளவு வேண்டும்

2024 ஜூனில் கேரளச் சந்தைகளில் ஒரு கிலோ மத்தி 400 ரூபாயைத் தொட்டது. சில மாதம் கழித்து வளராத மத்தி கரையில் குவிந்தபோது, படகிலிருந்து இறங்கிய மீனுக்குக் கிலோவுக்கு 20, 30 ரூபாய்தான் கிடைத்தது. ஏழைகளின் மீன் ஒரு பருவத்தில் வாங்குகிறவருக்கு எட்டவில்லை. அடுத்த பருவத்தில் பிடித்தவருக்கு டீசல் காசுகூடக் கட்டவில்லை.

கேரளத்தில் 2012இல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021இல் 3,297 டன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு இது. கடல் சூடாவதும் மழை தவறுவதும் மத்தியை அலைக்கழிப்பது உண்மைதான். ஆனால் வரத்து சரியும் நேரத்தில் முட்டையிடாத குஞ்சுகளையும் வழித்தெடுத்தால், அது மீண்டு வர எதுவும் மிஞ்சாது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பாம்பன் பக்கம் பேசாளை எனப்படும் மத்தி, ஐஸ் பெட்டிகளில் கேரளத்துக்குத்தான் லாரி ஏறுகிறது.

குஞ்சு வீணாவது மத்தியோடு நிற்கவில்லை. விசைப்படகு கரை சேர்ந்ததும் இறாலும் கணவாயும் பெரிய சங்கராவும் தனித்தனிக் கூடைக்குப் போகும். மிச்சமெல்லாம் தளத்தின் ஓரத்தில் கொட்டப்படும். விரல் நீளச் சங்கராக் குஞ்சு, காரல், சின்னஞ்சிறு நண்டு எல்லாம் நசுங்கிக் கலந்த குவியல் அது. கழிசல் என்று பெயர். அதை மண்வெட்டியால் அள்ளி மீன்தூள் ஆலைக்கும் கோழித்தீவனத்துக்கும் அனுப்புகிறார்கள். வளரவிட்டிருந்தால் நல்ல விலைக்கு ஏலம் போயிருக்க வேண்டிய சங்கரா, இப்படித் தூளாகிறது.

தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது அவசியம், ஆனால் போதாது. தடை முடிந்ததும் விசைப்படகுகள் மொத்தமாகக் கடலில் இறங்குகின்றன. இரண்டு மாதம் காப்பாற்றிய குஞ்சுகள் முதல் சில வாரங்களிலேயே வலையில் விழுகின்றன. நாளுக்கு வரம்பு வைத்தால் மட்டும் ஆகாது, மீனின் அளவுக்கும் வேண்டும்.

கேரளம் அதைச் செய்து பார்த்தது. 2015இல் 14 வகை மீன்களுக்கும், 2017இல் 58 வகைகளுக்கும் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்தது. மத்திக்கு 10 செ.மீ., கிளிமீன் எனப்படும் சங்கராவுக்கு 12 செ.மீ. இந்த விதி வந்தபின் கிளிமீன் வரத்து 41 சதவீதம் கூடியதாக அதே ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. பிடிப்பைக் குறைத்தால் பிழைப்பு போகும் என்று அஞ்சுகிறவர்கள் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்.

அந்த அச்சம் நியாயமானது. கடன் வாங்கிப் படகு ஓட்டுகிறவருக்கு, வலையில் ஏறிய மீனைத் திருப்பிக் கொட்ட மனம் ஒப்பாது. செத்த மீனைக் கொட்டிப் பயனும் இல்லை. அதனால் வலையின் கண்ணி பெரிதாக இருக்க வேண்டும். சோதனையும் நாட்டுப்படகுக்காரரைத் துரத்துவதாக இல்லாமல் ஏலக்கூடத்திலும் மீன்தூள் ஆலையின் வாசலிலும் நடக்க வேண்டும். குஞ்சை வாங்கும் ஆலைக்கு அபராதம் விழுந்தால், அதைப் பிடிப்பதில் லாபம் இருக்காது. தடைக்காலத்துக்குக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தரும் தமிழ்நாடு அரசு, வலை மாற்றும் செலவிலும் ஒரு பங்கை ஏற்கலாம். அதை அடுத்த தடைக்காலத்தில், படகுகள் கரையில் நிற்கும்போதே செய்துவிடலாம்.