அழகான ஸ்லைடா, அடையாளமுள்ள ஸ்லைடா?

டயாட்டம் என்பது நீரில் வாழும் ஒரு செல் பாசி. அதைச் சுற்றிச் சிலிக்காவாலான ஓடு உண்டு. பெட்டியும் மூடியும் போல இரு பாதிகள் ஒன்றில் ஒன்று பொருந்தியிருக்கும். பாசி மடிந்தாலும் ஓடு எளிதில் அழியாது. ஆகவேதான் நூறாண்டுக்கு முன் தயாரித்த டயாட்டம் ஸ்லைடுகளை இன்றும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க முடிகிறது.

இந்தப் பழைய ஸ்லைடுகளில் இரு வகை உண்டு. ஒன்று, ஓடுகளைத் தனித்தனியே பொறுக்கியெடுத்துக் கோலம் போல அடுக்கியது. ஜெர்மனியில் வேடல் என்னும் ஊரில் வாழ்ந்த மோலர் (1844–1907) இக்கலையில் வல்லவர். அவருடைய ஒரே ஸ்லைடில், சுண்டுவிரல் நகமளவு இடத்துக்குள், 4,026 டயாட்டங்கள் அடங்கியுள்ளன! மற்றொன்று, நீரிலோ சேற்றிலோ கிடைத்த ஓடுகளை அப்படியே பரப்பி உலர்த்தியது. அதில் உடைந்த ஓடும் இருக்கும். மண் துகளும் இருக்கும்.

சேகரிப்போர் விரும்பித் தேடுவது முதல் வகையை. ஆனால் அறிவியலுக்கு இரண்டாம் வகையே பெரிய செல்வம் என்பது என் கருத்து.

ஏன்? அடுக்கிய ஸ்லைடு ஓர் இனத்தின் வடிவத்தைக் காட்டும். அரிய இனங்களை அடையாளம் காணவும் உதவும். ஆனால் அதில் இருப்பவை ஒருவர் தேர்ந்தெடுத்த ஓடுகள். அந்த நீரில் எந்த இனம் மிகுதி, எது குறைவு என்று அது சொல்லாது. பரப்பிய ஸ்லைடு அதைச் சொல்லும்.

இந்த விகிதம் அவ்வளவு முக்கியமா? ஆம். சில இனங்கள் அமில நீரில் செழிக்கும். சில அதில் வாழமாட்டா. ஃபிளவர், பாட்டர்பி என்ற இரு ஆய்வாளர்கள் தென்மேற்கு ஸ்காட்லாந்தின் இரு ஏரிகளில், அடிச்சேற்றை அடுக்கு அடுக்காக எடுத்து அதிலிருந்த டயாட்டங்களை எண்ணினர். அந்நீர் அண்மைக் காலத்தில் அமிலமாகியிருப்பதை 1983இல் வெளியிட்டனர். அழகான ஓடுகளை மட்டும் பொறுக்கியிருந்தால் இந்த உண்மை வெளிப்பட்டிருக்குமா?

எனினும் ஒரு நிபந்தனை உண்டு. எங்கே, எந்த நாளில் எடுத்தது என்ற சீட்டு ஸ்லைடில் ஒட்டியிருக்க வேண்டும். சீட்டு உதிர்ந்துபோனால், அந்த ஓடுகள் எந்த நீரின் கதையைச் சொல்கின்றன என்பதை யார் அறிவார்? எனவே பழைய ஸ்லைடுகளைக் காப்போர் முதலில் காக்க வேண்டியது அந்தச் சீட்டையே.

மாணவர்களே! உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் குளத்து நீரை ஸ்லைடாக்கும்போது, ஊர், குளம், தேதி மூன்றையும் மறவாமல் எழுதுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அக்குளத்தை ஆராய்பவருக்கு அந்த ஒரு வரி பெரும் உதவியாகும்.