டீத்தண்ணியில தோத்த சாம்பியன்

ஊட்டிக் குளிர்ல எழுந்து டீ போடுற ரூம்மேட்களே, ஒரு கேள்வி. உங்க தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்குது? 'நூறு'ன்னு சொன்னா மார்க் கிடையாது. 2,240 மீட்டர் உயரத்துல காற்றழுத்தம் கம்மி. அதனால சுமார் 93 டிகிரி செல்சியஸ்லயே கொதிச்சிடும். இந்த 93-ஐ ஞாபகம் வெச்சுக்கங்க, வேலை இருக்கு.

இப்ப அடுப்பைப் பத்த வைங்க. கேஸ் லைட்டர் 'டிக்'குங்குதே, உள்ளே பேட்டரி கிடையாது. ஒரு குட்டிச் சுத்தியல் பீங்கான் துண்டு மேல ஓங்கி அடிக்குது. அடி வாங்கின பீங்கான் பல ஆயிரம் வோல்ட் கொடுக்க, பொறி பறக்குது. அழுத்தினா மின்சாரம் தர்ற இந்தக் குணத்துக்குப் பேர் பீசோ எலெக்ட்ரிக். ஸ்கேன் சென்டர்ல வயித்து மேல வெச்சு நகர்த்துற கருவியிலும் இதே சமாச்சாரம்தான்.

சிக்கல் அந்தப் பீங்கான்ல இருக்கு. லெட் சிர்க்கோனேட் டைட்டனேட். எடையில 60 சதவீதத்துக்கு மேல ஈயம்! லைட்டரைத் தொட்டா ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. ஆனா தயாரிக்கிற சூளையில, 1,200 டிகிரி சூட்டுல ஈயம் ஆவியாகும். பழுதானதும் மிச்சம் குப்பைக்குப் போகும். செக்போஸ்ட்லயே பிளாஸ்டிக்கைத் தேடுற நம்ம மலைக்கு, இந்த ஈயம் யார் கண்ணுலயும் படாம வந்து சேருது.

ஈயம் இல்லாத பழைய ஆள் ஒருத்தர் உண்டு: பேரியம் டைட்டனேட். ஆனா கொஞ்சம் சோம்பேறி. ஒரு நியூட்டன் விசைக்கு 190 பிகோகூலும் மின்னூட்டம்தான் தருவார். நல்ல ஈயப் பீங்கான்கள் 400, 500, அதுக்கு மேலயும் தரும். இவரை உசுப்பத்தான் டோப்பிங். ஓட்டப்பந்தயத்துல மாட்டிக்கிறாங்களே, அந்த டோப்பிங் இல்ல பாஸ்!

மேட்டுப்பாளையம் ரயில் பெஞ்சை நினைச்சுக்கங்க. எல்லாரும் ஒரே சைஸ்ல இருந்தா அசையாம உட்கார்ந்திருப்பாங்க. நடுவுல ஒரு குண்டரையும் ஒரு ஒல்லியையும் மாத்தி உட்கார வெச்சா? மொத்த வரிசையும் நெளியும். பீங்கான்லயும் அப்படித்தான். 2009-ல வென்ஃபெங் லியூ, சியாவ்பிங் ரென் என்ற ரெண்டு பேர், நூறு பேரியம் அணுவுல 15-ஐ எடுத்துட்டு ஒல்லியான கால்சியத்தை வெச்சாங்க. நூறு டைட்டானியத்துல 10-ஐ எடுத்துட்டுப் பெரிய சிர்க்கோனியம். (15 சதவீதத்தை டோப்பிங்னு சொல்றது ஓவர்தான். கலப்படம்னே சொல்லலாம்.) படிகம் ரெண்டு வடிவத்துக்கு நடுவுல, எந்தப் பக்கம் சாயலாம்னு தவிக்கிற நிலைக்கு வந்துடுச்சு. லேசா அழுத்தினாலே உள்ளே மின்முனைகளோட திசை திரும்பும். ரிசல்ட்? 620 பிகோகூலும். ஈயத்துக்கே சவால்!

கைதட்டறதுக்கு முன்னாடி இன்னொரு எண்ணைப் பாருங்க. பீசோ பீங்கானுக்கு 'க்யூரி வெப்பநிலை'ன்னு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினா, வரிசையா நின்ன மின்முனைகள் கலைஞ்சு வெறும் கல்லாயிடும். சுத்தமான பேரியம் டைட்டனேட்டுக்கு அது 120 டிகிரிக்கு மேல. சிர்க்கோனியம் சேர்த்ததும் இறங்கிடுச்சு. எவ்வளவுக்குத் தெரியுமா? சுமார் 93!

ஆமாம், உங்க டீத்தண்ணி கொதிக்கிற அதே சூடு. அதுல விழுந்தா சாம்பியன் அவுட். டீ ஆறினாலும் எழுந்திருக்க மாட்டார். மறுபடி உயர் மின்னழுத்தம் கொடுத்துத்தான் வரிசையில நிக்க வைக்கணும். அடுப்புப் பக்கத்துல கிடக்கிற லைட்டருக்கு இவரை நம்ப முடியுமா?

அதுக்கு முன்னாடியே, 2004-ல, டொயோட்டா ஆய்வுக்கூடத்துல வேற ரூட் பிடிச்சாங்க. பொட்டாசியம் சோடியம் நியோபேட்டுல லித்தியம், டான்டலம், ஆன்டிமனி சேர்த்து, துகள்களை ஒரே திசையில அடுக்கி 416 வரைக்கும் போனாங்க. க்யூரி வெப்பநிலையும் 253 டிகிரி. சபாஷ்! ஆனா இந்த வகைப் பீங்கானைச் சூளையில வைக்கும்போது பொட்டாசியம் ஆவியாகி ஓடும், அடுக்குற வேலையும் செலவு. இன்னொண்ணு, டோப்பிங் இதோட வடிவம் மாறுற புள்ளியை அறை வெப்பநிலைக்குப் பக்கத்துல இழுத்துட்டு வந்துடுது. அதனால வெயில்ல ஒரு அளவு, தலைக்குந்தா உறைபனியில வேற அளவு.

மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட் பண்றவங்க கவனிங்க. 620-ஐ மட்டும் போஸ்டர்ல பெரிசா போட்டா, வைவாவுல முதல் கேள்வியே '93 என்னாச்சு?'ன்னுதான் வரும்.

ஐரோப்பிய யூனியன் 2006-லயே மின்னணுப் பொருட்கள்ல ஈயத்துக்குத் தடை போட்டது. பீசோ பீங்கானுக்கு விலக்கு உண்டு. சரியான மாற்று கிடைக்கலைன்னு அந்த விலக்கைத் திரும்பத் திரும்ப நீட்டிச்சுக்கிட்டே இருக்காங்க.