ஓடாதே... நில்!



இன்ஜினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டோம். பிரேக் ஷூ தேய்மானம் பார்க்கத் தெரியும். எட்டுப் போட்டு லைசென்சும் வாங்கியாச்சு. ஆனால், "உன் வண்டி ஒருத்தர் மேல மோதிடுச்சு, அடுத்த நிமிஷம் என்ன செய்வே?" என்று நம் ஹாஸ்டலில் கேட்டுப் பாருங்கள். "எஸ்கேப்தான் மச்சி! நின்னா தோலை உரிச்சிடுவாங்க!" என்றுதான் பதில் வரும்.

நமக்கு அது சிரிப்பு. ரோட்டில் கிடப்பவருக்கு?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 134-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்கச் செய்வது டிரைவரின் கடமை. பக்கத்து போலீஸ் ஸ்டேஷனில் சீக்கிரமாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தர வேண்டும்.

"கூட்டம் அடிக்க வந்தா?" என்பீர்கள். அதையும் சட்டம் யோசித்திருக்கிறது! கூட்டத்தின் ஆவேசத்தால் உதவ முடியாமல் போனால் விலக்கு உண்டு. ஆனால் ஏன் முடியவில்லை என்பதை ஸ்டேஷனில் சொல்லியாக வேண்டும். அப்படியே ஓட நேர்ந்தாலும், ஓட வேண்டிய இடம் வீடு அல்ல, போலீஸ் ஸ்டேஷன். போகிற வழியிலேயே 108-க்குச் சொல்லிவிடலாமே!

ஓடிப்போனால் என்ன நஷ்டம் தெரியுமா? வண்டி எது என்று தெரிந்தால், அடிபட்டவர் குடும்பம் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு, அவருடைய வயது, சம்பளத்துக்கு ஏற்ற இழப்பீடு கேட்கலாம். தெரியாத வண்டி என்றால்? 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திட்டப்படி, உயிர் போனால் 2 லட்சம், படுகாயத்துக்கு 50 ஆயிரம். அவ்வளவுதான். சம்பாதிக்கிற ஆளை இழந்த வீட்டுக்கு அது எத்தனை நாள் காணும்?

சரி, அந்தக் கூட்டம் யார்? பஸ் ஸ்டாப்பிலும் டீக்கடையிலும் நிற்கிற நாம்தானே! டிரைவரின் சட்டையைப் பிடிக்கப் பத்துக் கை நீளும். விழுந்தவரைத் தூக்க ஒரு கை வராது. நின்றவனுக்கு நாம் கொடுக்கிற ஒவ்வொரு அறையும், அடுத்த டிரைவருக்கு "நிக்காதே, ஓடு" என்று சொல்லித் தருகிற பாடம்!

"உதவினா கோர்ட், கேஸுன்னு அலையணுமே" என்ற பயமும் வேண்டாம். 2019-ல் சேர்த்த 134-ஏ பிரிவு, நல்ல மனதோடு உதவுபவர் மேல் வழக்கு வராமல் காக்கிறது. "போலீஸ் வரட்டும்" என்று டாக்டர் காத்திருக்கக் கூடாது, முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1989-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆகவே நண்பர்களே, வண்டியை நிறுத்து. இன்ஜினை அணை. பின்னால் வரும் வண்டிகளை எச்சரி. 108-ஐக் கூப்பிடு. மயங்கிக் கிடப்பவர் வாயில் சோடா ஊற்றாதே. கூட்டத்தில் நாம் நின்றால், டிரைவரை அடிக்க ஓங்கும் கையை முதலில் பிடிப்போம்!

நாளை ஸ்டியரிங் பிடிக்கப் போவதும் நாம்தான், ரோட்டைக் கடக்கப் போவதும் நாம்தான். சிந்திப்போமா?

- மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு