ஓடுகிற வரைக்கும் ஓடட்டுமா?

சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் கச்சா எண்ணெய் மணலி சுத்திகரிப்பு ஆலைக்கு லாரியில் போவதில்லை, குழாயில் போகிறது. கணிப்பொறிக்குள்ளும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. வட்டிலிருந்தும் நெட்வொர்க் அட்டையிலிருந்தும் வரும் தரவை ப்ராசசர் ஒவ்வொரு பைட்டாகச் சுமந்து நினைவகத்தில் இறக்கிக்கொண்டிருந்தால் வேறு எந்த வேலையும் நடக்காது. அதனால் சாதனங்களே நினைவகத்தில் நேரடியாக எழுதுகின்றன, நேரடியாகப் படிக்கின்றன. இதற்கு டிஎம்ஏ என்று பெயர். எந்தச் சாதனம் நினைவகத்தின் எந்தத் துண்டைத் தொடலாம், எந்த முகவரியில் தொடலாம், எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது இயங்குதளக் கெர்னலில் இருக்கும் டிஎம்ஏ மேப்பிங் நிரல். லினக்ஸ் கெர்னலின் கோடிக்கணக்கான வரிகளில் இதன் பங்கு மிகச் சிறியது. ஆனால் டிஎம்ஏ செய்யும் டிரைவர் எதுவாக இருந்தாலும் இந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இந்த மாதிரி நிரலைப் பற்றி ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மென்பொருள் இரும்பு இல்லை, துருப்பிடிக்காது, தேயாது. ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் காலத்துக்கும் சரியாகவே இருக்கும் என்பது அந்த நம்பிக்கை. தண்டையார்பேட்டை லாரிப் பட்டறையில் கேட்கிற ‘ஓடுற வரைக்கும் கை வைக்காதே’ என்ற பேச்சு, பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் வேறு உடுப்பில் உலவுகிறது. அங்கே புதிதாக எழுதுவதற்கு ‘டெவலப்மென்ட்’ என்று பெயர், எழுதியதைப் பேணுவதற்கு ‘சப்போர்ட்’ என்று பெயர். சப்போர்ட்டில் போட்டுவிட்டார்கள் என்று சொல்கிற குரலிலேயே சலிப்பு தெரியும். லாரிப் பட்டறைக்காரராவது இரும்பு தேயும் என்று ஒப்புக்கொள்கிறார்.

நிரலின் வரிகள் தேய்வதில்லை என்பது உண்மை. ஆனால் மேப்பிங் நிரல் தனியே நிற்கும் பொருள் இல்லை. சாதனம், நினைவகம், ப்ராசசர் என்ற மூன்று தரப்புக்கு நடுவே எழுதப்பட்ட ஒப்பந்தம் அது. மூன்றில் ஒன்று மாறினாலும், ஒரு எழுத்துகூட மாறாத ஒப்பந்தம் தவறாகிவிடுகிறது.

முகவரியின் அகலத்தை எடுத்துக்கொள்ளலாம். 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணிப்பொறியின் பஸ்ஸுக்கு 24 பிட் முகவரி. 16 மெகாபைட்டுக்கு மேல் இருக்கும் நினைவகம் அதன் சாதனங்களின் கண்ணுக்கே தெரியாது. அதனால் அடிப்பகுதி 16 மெகாபைட்டை லினக்ஸ் தனி மண்டலமாக ஒதுக்கிவைத்தது. பிறகு வந்த பிசிஐ அட்டைகள் பலவற்றுக்கு எல்லை 32 பிட், அதாவது 4 கிகாபைட். அன்று அது வானளாவிய அளவு. கணிப்பொறியின் நினைவகம் 4 கிகாபைட்டைத் தாண்டியதும் அதுவே முட்டுச்சந்தாகிவிட்டது. சாதனத்துக்கு எட்டாத இடத்தில் தரவு இருந்தால், எட்டும் இடத்தில் ஒரு தற்காலிகக் கிடங்கை அமைத்து அங்கே நகலெடுக்க வேண்டியதாயிற்று. ‘பவுன்ஸ் பஃபர்’ என்பது அதுதான். பழைய டிரைவர்களில் யாரும் பிழை செய்யவில்லை. அவை நின்ற தரைதான் நகர்ந்தது.

2018 ஜனவரியில் தரை இன்னொரு முறை நகர்ந்தது. ப்ராசசர்கள் வேகத்துக்காக முன்கூட்டியே ஊகித்து வேலை செய்வதில் இருந்த ‘ஸ்பெக்டர்’ ஓட்டை அப்போதுதான் வெளியானது. அதை அடைக்கப் போட்ட தடுப்பு, ஃபங்ஷன் பாயின்டர் வழியாக, அதாவது எங்கே போக வேண்டும் என்ற முகவரியை ஓடும்போதே பார்த்து, செய்யும் அழைப்புகளின் செலவைக் கூட்டிவிட்டது. மேப்பிங் நிரலோ அத்தகைய அழைப்புகளின் மேல்தான் நின்றிருந்தது. ஒரு நொடியில் பத்து கிகாபிட் கடத்தும் இணைப்பில் மிகச் சிறிய பொட்டலங்கள் நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சம் வரை வரலாம். ஒவ்வொன்றுக்கும் மேப்பிங் கூலி கூடினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சாதாரண நிலையில் பாயின்டரைச் சுற்றிப் போகாமல் நேரே போகும் வழியை இந்த நிரலின் அன்றைய பராமரிப்பாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக் அந்த டிசம்பரில் எழுதினார். 2019 மார்ச்சில் லினக்ஸ் 5.0 உடன் அது வெளியானது. ஓடிக்கொண்டிருந்த நிரலில் கை வைக்காமல் இருந்திருந்தால் ஓட்டம்தான் குறைந்திருக்கும்.

‘கை வைக்காதே’ கட்சிக்கு மிகப் பிடித்தமான சாட்சி 2022-இல் நடந்தது. அதைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். பவுன்ஸ் பஃபர் என்பது பல சாதனங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இடம். ஒரு சாதனம் 4,000 பைட் எழுதுவதாகச் சொல்லிவிட்டு 100 பைட் மட்டும் எழுதினால், மிச்ச இடத்தில் முன்பு வேறு யாரோ விட்டுப்போன தரவு அப்படியே கிடக்கும். மேப்பிங் நிரல் 4,000 பைட்டையும் சேர்த்தே கேட்டவர் கையில் கொடுத்துவிடும். ஒருவரின் ரகசியம் இன்னொருவருக்குப் போகும் இந்தக் கசிவைத் தடுக்கத் திருத்தம் ஒன்று வந்தது. அதைச் செப்பனிட்டு இன்னொரு திருத்தம் மார்ச்சில் வந்தது. இரண்டாவது திருத்தத்தால், 2008 முதல் கெர்னலில் இருந்த ‘ஏடிஎச்9கே’ வைஃபை டிரைவர் சில கணிப்பொறிகளில் முடங்கியது. தரவு வந்துவிட்டதா என்று அந்த டிரைவர் எட்டிப் பார்க்கும். வரவில்லையென்றால் பஃபரைச் சாதனத்திடமே திருப்பிக் கொடுக்கும். புதிய திருத்தம் அந்தக் கணத்தில் பழைய தரவைப் பஃபரின் மேல் நகலெடுத்தது. இடைப்பட்ட நேரத்தில் சாதனம் எழுதியிருந்தது அழிந்துபோனது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மாதமே இந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெற்றார். பின் அதில் தேவையான பகுதி மட்டும் மீண்டும் சேர்க்கப்பட்டது.

பார்த்தீர்களா, தொட்டதால்தான் கெட்டது என்பார்கள். கெட்டது தெரிந்தது தொட்ட பிறகு. கசிவு இருந்தது தொடுவதற்கு முன்பு. வைஃபை நின்றால் பயனர் கத்துவார், கசிவைப் பற்றிக் கத்த யாருக்கும் தெரியாது. ‘நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது’ என்ற வாக்கியத்துக்கு ‘யாரும் இன்னும் உற்றுப் பார்க்கவில்லை’ என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

இதன் பொருள் தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு விளங்கும். துறைமுகத்திலிருந்து வரும் எண்ணெய்க் குழாய்கள் அந்தப் பகுதியின் மண்ணுக்கடியில்தான் போகின்றன. 2013-இல் திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கத்து வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் எரிபொருள் கலந்து வந்தது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. குழாய் நின்றுபோயிருக்கவில்லை. எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. போகக் கூடாத இடத்துக்கும் போனது.

புதிய வன்பொருள் வரும்போது இந்தப் பராமரிப்பு இன்னும் அவசியமாகிறது. சென்னை ஐஐடியின் ‘சக்தி’ ப்ராசசர் குழு ஆர்ஐஎஸ்சி-ஃபைவ் கட்டமைப்பில் வடிவமைத்த சிப்பில் 2018-இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. இந்தியாவுக்கே பெருமை என்று செய்தித்தாள்கள் எழுதின, சரிதான். ஆனால் சிப் இருந்தால் மட்டும் போதாது. சாதனம் நினைவகத்தில் புதிதாக எழுதியதை ப்ராசசர் தன்னருகே நகல் வைத்துக்கொள்ளும் கேஷ் அறியாமல் பழையதையே காட்டும் வகைச் சிப்களில், கேஷைத் துடைக்கும் வேலை மேப்பிங் நிரலின் தலையில் விழுகிறது. ஆர்ஐஎஸ்சி-ஃபைவ் கட்டமைப்பில் அதற்கான பொதுக் கட்டளைகள் பிற்பாடுதான் வகுக்கப்பட்டன. லினக்ஸில் அவற்றுக்கு ஆதரவு கிடைத்தது 2022-இல், 6.0 பதிப்பில். உள்நாட்டுச் சிப் பற்றிய மேடைப் பேச்சுகளில் இந்த வேலைக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

நிரல் தேயாது என்பவர்கள் மறக்கும் இன்னொரு தரப்பு மனிதர்கள். ரஸ்ட் மொழியில் எழுதும் டிரைவர்களுக்காக டிஎம்ஏவுக்கு ஒரு பாலம் அமைப்பது பற்றி 2025 தொடக்கத்தில் பெரும் தகராறு மூண்டது. பல ஆண்டுகள் இந்த நிரலைப் பேணிவந்த ஹெல்விக் அதை எதிர்த்தார். அந்தப் பிப்ரவரியில் பொறுப்பிலிருந்து விலகினார். யார் பக்கம் நியாயம் என்பது வேறு கட்டுரைக்கான விஷயம். அவர் விலகிய பின்னும் உலகின் சர்வர்களும் ஆண்ட்ராய்டு கைபேசிகளும் அந்த நிரலின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தன. பொறுப்பை ஏற்றவர் மாரெக் ஷிப்ரோவ்ஸ்கி. பெரிய தொடர் நினைவகத் துண்டுகளை ஒதுக்கும் முறையை 2012-இல் லினக்ஸுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். நிரலை ஏற்கெனவே அறிந்த ஒருவர் இருந்ததால் கைமாற்றம் நடந்தது. அப்படி ஒருவர் ஒரே நாளில் உருவாவதில்லை.

கெர்னலோடு வரும் பராமரிப்பாளர் பட்டியலில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிலை குறிக்கப்படுகிறது. அதில் ‘அனாதை’ என்றும் ஒரு நிலை உண்டு. ஃபிளாப்பி டிரைவருக்கு 2019 ஜூலையில் டோர்வால்ட்ஸ் அந்த முத்திரையைக் குத்தினார், ஏனெனில் அதைச் சோதிக்க அதன் பராமரிப்பாளரிடம்கூட வேலை செய்யும் ஃபிளாப்பி இயந்திரம் இல்லை. 16 மெகாபைட் எல்லைக்குள் அடங்கிக் கிடந்த அந்தப் பழைய டிரைவருக்கும் அடுத்த சில மாதங்களில் ஒருவர் முன்வந்து பொறுப்பேற்றார்.